முள் எடுத்த மீன்

இன்றைக்கு ஒரு தட்டுச் சாளை மீனை முன்னால் வைத்தால், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முள்ளை ஒதுக்கித் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, பன்னிரண்டு வயது வரை மீனுக்கு முள் உண்டு என்பது வெறும் கேள்விஞானம்தான். அம்மா அதைக் கண்ணில் காட்டியதே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டையும் விரலால் உதிர்த்து, தடவிப் பார்த்து, அப்புறம்தான் என் சோற்றில் வைப்பாள். பொடிமுள் நிறைந்த சாளையை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

பள்ளியில் என் தோழி கடற்கரைத் தெருக்காரி. அவள் அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. தம்பிக்கு மாதா கோவிலில் புதுநன்மை, முதல்தடவையாக நற்கருணை கொடுக்கிறார்கள், வீட்டில் விருந்து, வா என்றாள். அம்மா நாள் முழுக்க யோசித்தாள். விருந்தென்றால் ஆட்டுக்கறிதான் போடுவார்கள், எலும்பு பெரிது, தொண்டைக்குள் போகாது என்று கணக்குப் போட்டு, தன் சங்கிலியை என் கழுத்தில் மாட்டி அனுப்பினாள். சங்கிலி பத்திரம் என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

கணக்கு தப்பிவிட்டது. ஆட்டுக்கறி சாயங்காலம் வருகிறவர்களுக்கு; மத்தியானம் வீட்டு ஆட்களுக்குச் சாளைக் குழம்பு. என்னையும் வீட்டு ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். தட்டில் மூன்று மீன்கள் முழுசாகக் கிடந்தன. நான் வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். தோழியின் அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏளா, எங்க வீட்டு மீனு ஒனக்கு ஆவாதோ?"

எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் வீட்டில் கைநனைக்கக் கூசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். முள் எடுக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லாவிட்டால் இந்த வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு வருவது? ஒரு மீனை எடுத்து அப்படியே கடித்தேன். முள் தொண்டையில் நின்றது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தோழி ஒரு சோற்று உருண்டையை என் வாயில் திணித்து மெல்லாமல் விழுங்கச் சொன்னாள். நல்லவேளை, இறங்கிவிட்டது. பிறகு அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நாக்கு எதுக்குளா இருக்கு? முள்ளு எங்கன கெடக்குன்னு அதுவே சொல்லும்லா."

இரண்டாவது மீனை நாக்கிடம் ஒப்படைத்தேன். மூன்றாவதில் நடுமுள் முழுசாகக் கையோடு வந்தது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமை சொல்லி மாளாது. நாலாவதைக் கேட்டு வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், அம்மா செல்போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்துத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் அப்பாவை நச்சரித்துச் சாளை வாங்கிவரச் செய்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவின் கை வழக்கம்போல என் தட்டுக்கு வந்தது.

"நானே எடுத்துக்கிடுதேம்மா."

கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு அவள் மடிக்குத் திரும்பிவிட்டது. நான் விழுங்கும்போதெல்லாம் அம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. விருந்துக்குப் போட்ட சங்கிலியை நான் இன்னும் கழற்றவில்லை. அது பத்திரமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகத் தெரியும்படி அதைச் சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த மீனை எடுத்தேன்.