பாக்கியம் அக்காவின் கைப்பிடி அரிசி

புளியங்குளம் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கிய தர்மபுரத்து ஆள் ஒருவர்தான் என்னைக் கண்டு சொன்னார். "அக்கா, அறிஞ்சனீங்களோ? உங்கடை பாக்கியம் அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா." வாங்கிய மரக்கறியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். செத்தவீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

புளியங்குளத்துக்கு வருமுன் நான் இருந்த தர்மபுரத்தில் அவரோடு வயலில் புல்லுப் பிடுங்கியவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காடு வெட்டிய காணிகளுக்கு யாழ்ப்பாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் ஒருவரையொருவர் சந்தித்தால் முதற்கேள்வி "எவ்விடம்?" என்பதுதான். ஊரைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்கும் கெட்டித்தனம் அது. பாக்கியம் அக்கா சிரித்துக்கொண்டு, "இப்ப இவ்விடந்தான்" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துவிடுவார்.

தைப்பூசத்தன்று புது அரிசி பொங்குவதைப் புதிர் என்போம். எங்கள் வாய்க்கால் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே பானையில் பொங்குவோம். ஒவ்வொருத்தியும் தன் வயல் அரிசியில் ஒரு பிடி போடவேண்டும். போடும்போது பிறந்த ஊர்க் கதை ஒன்று சொல்லவேண்டும். ஒருத்தி புகையிலைத் தோட்டத்தைச் சொல்வாள், இன்னொருத்தி தேர்த் திருவிழாவைச் சொல்வாள். மூத்தவரான பொன்னம்மா மாமி தன் நாற்சார் வீட்டு முற்றத்தைச் சொல்லத் தொடங்கினால் பானை பொங்கி வழிந்தாலும் நிறுத்தமாட்டார்.

பாக்கியம் அக்கா எங்களோடு சேர்ந்த முதற் புதிரில் அவரின் முறை வந்தது. அரிசியைக் கைக்குள் பொத்திக்கொண்டே பேசினார்.

"என்ரை அம்மா ஒப்பாரி சொல்லுறதிலை பேர்போனவா. பெரிய வீடுகளிலை செத்தவீடெண்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவினம். அம்மா படலைக்கு வெளியிலை நிண்டுதான் அழவேணும். அவா அழ, உள்ளுக்கிருக்கிறவையும் அழுவினம். பிறகு சோத்தை ஓலையிலை கட்டி வெளியிலை வைப்பினம். அந்த அம்மான்ரை பிள்ளைதான் நான். போட்டபிறகு சொன்னால் உங்களை ஏமாத்தினதாப் போகும். வேண்டாமெண்டால் கொண்டு போறன்."

"போடுங்கோ அக்கா," என்றேன். போட்டார்.

பொன்னம்மா மாமி சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "இனி இந்தப் பானையிலை நான் கை நனைக்கமாட்டன்." அவர் பின்னால் வேறு சிலரும் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்டபடி ஏசினேன். பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்தார். "ஏசாதை. அவையின்ரை அரிசியும் இதுக்குள்ளைதானே கிடக்கு. அவையள் பட்டினியாய்ப் போகினம்." போனவர்களுக்கும் வாழையிலையில் பங்கு வைத்து மூடினார். பொழுதுபட்டும் ஒருவரும் வரவில்லை. அன்றுதான் அவர் அழுததைக் கண்டேன்.

அடுத்தடுத்த வருடங்களில் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மாமி மட்டும் வரவேயில்லை. "மாமி வராமல் இது முழுப் பானை இல்லை," என்பார் பாக்கியம் அக்கா. எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு மெய்யாகவே அது குறையாக இருந்தது.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு மறுபடியும் போனேன். பாக்கியம் அக்காவின் மகள்தான் சமைத்தாள். படைத்து முடிந்து பந்தி வைக்கும் நேரம் பொன்னம்மா மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து பாயில் இருந்துகொண்டு, "எனக்கும் ஒரு இலை போடு பிள்ளை," என்று அந்த மகளிடம் சொன்னார். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். பாதியில் கையை இலையிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவா உயிரோடை இருக்கேக்கை வந்திருக்கலாம், என்ன?"

"ஓம் மாமி," என்றேன். ஆறுதலாக இன்னொரு சொல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாக்கியம் அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பார். அந்தப் பெரிய மனம் அவரோடு போய்விட்டது. அது எனக்கு வராது.

எனக்கு வந்தது ஒன்றுதான். இப்போது புளியங்குளத்தில் எங்கள் பக்கம் புதிதாகக் குடிவரும் பெண்ணிடம் நான் "எவ்விடம்?" என்று கேட்பதில்லை. "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டு, உள்ளே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போடுகிறேன். மற்றதை அவளாகச் சொல்லட்டும்.