சின்னராசாவுக்கு ஊர் வைத்த பரீட்சை

வாசிகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். தர்மபுரம் முழுவதும் படிக்கட்டும்.

இன்று பின்னேரம், மறதி நோயில் இருக்கும் சின்னராசா அண்ணரைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே அங்கே முந்நூறு பேர். சரி, ஒன்பது பேர்.

ஒவ்வொருவராக அவருடைய முகத்துக்கு நேரே குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"என்னை ஆரெண்டு தெரியுதோ?"

சர்வகலாசாலைப் பரீட்சையில்கூட இத்தனை பரீட்சகர்களைக் கண்டதில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், பத்தாவதாக நானும் கேட்டேன்.

மனிதர் விழித்தார், வியர்த்தார், கடைசியில் அழுதுவிட்டார்.

"பாவம், ஒண்டும் விளங்கேல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சபை தேநீருக்குக் காத்திருந்தது.

குசினியில் அவருடைய மனைவி பரமேசு அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன உதவி வேணுமெண்டாலும் கேளுங்கோ!" என்று சக்கரவர்த்தியைப் போல அறிவித்தேன்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணித்தியாலம் ஆராவது அவரோடை இருங்கோ தம்பி. ஒண்டும் கேளாதேங்கோ, சும்மா இருங்கோ. நான் நித்திரை கொண்டு மூண்டு நாள்."

கூடத்தில் அது கேட்டதும் ஒன்பது பேருக்கும் வயல் ஞாபகம் வந்தது.

"நாளைக்கு எனக்குத் தண்ணி பாய்ச்சுற முறை, அக்கா."

அத்தனை பேரும் பாய்ச்சினால் மாலைக்குள் குளத்தில் மீன்கள் நடந்துதான் திரிய வேண்டும்.

நாளை நான் இருக்கிறேன். மறுநாள் தொடக்கம் ஆள் தேவை. பெயரைக் கீழே எழுதுங்கள்.

பேனையைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். அதை அவிழ்த்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் முறை.