ஒருத்தி போதும்

சமைக்க இன்னொருத்தி வேண்டாமா என்று யாராவது கேட்டால், கமலவேணி ஒருத்தி போதும் என்பார்கள். தெங்கேராவிலிருந்து உஜோங் பாசிர் வரை விசேஷ வீடுகளில் இதே பேச்சுதான். புருஷன் போன பிறகு அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் வீட்டு உலை கொதித்தது.

பந்தியில் அவள் கேட்கும் 'போதும்' வேறு. இலைக்கு மேல் கையை விரித்துச் சொல்வார்கள். சொன்ன பிறகும் அரைக் கரண்டி விடுவதுதான் மரியாதை. அவளைப் போதும் என்றவர்களும் அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. சமையல் முடிந்ததும் அண்டாவையும் கழுவச் சொன்னார்கள்.

சில மாதங்களாக வலது மணிக்கட்டு அவள் சொன்னபடி கேட்பதில்லை. அரிசி களையலாம், காய் நறுக்கலாம். அண்டாவைத் துணியால் பற்றிச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போதுதான் கை விட்டுப்போகும். கடைசியாகச் சமைத்த வீட்டில் கஞ்சி சரிந்து காலைச் சுட்டது. கொப்புளத்தின் மேல் புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு பந்தியைக் கவனித்தாள். வெளியே தெரிந்தால் கூப்பிடமாட்டார்கள்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த ஆவணியில், காஜா பெராங்கில் சிகப்பி ஆச்சி வீட்டில் கல்யாணம். ஆச்சி வெற்றிலைத் தட்டை நகர்த்தினாள். தட்டை எடுத்துக்கொண்டால் வேலையை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

"ரெண்டு ஆள் வச்சா அடுப்படியில சண்டைதான் வேகும். நீ ஒருத்தி போதும், வேணி."

கமலவேணி தட்டைத் தொடவில்லை. கால் எரிந்தது.

"போதாது ஆச்சி. வடிக்க இன்னொரு ஆள் வேணும்."

"என்னடி, சொதந்திரம் ஒனக்கும் குடுத்துட்டாங்களா?"

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த வேலைக்காரி அஞ்சலை சிரித்தாள். கமலவேணியும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு புடவைக் கரையைத் தூக்கிக் காட்டினாள். ஆச்சி பார்த்துவிட்டு, மருந்து போட்டாயா என்று கேட்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டாள்.

கல்யாணத்தன்று அஞ்சலை அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்தாள். கஞ்சி சிந்தாமல் வடிந்தது. சாப்பாட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

ஐப்பசியில் தீபாவளிப் பலகாரத்துக்கு ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. அஞ்சலையே செய்துவிடுவாள் என்று கமலவேணி கேள்விப்பட்டாள். தெங்கேராவிலும் அஞ்சலையைத்தான் கேட்டிருக்கிறார்களாம்.

பசாருக்குப் போகும் வழியில் அஞ்சலை வந்து வாசலில் நின்றாள். அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்று கேட்டாள். வேலையில்லாமல் படுத்திருந்த கமலவேணி எழுந்திருக்காமலே சொன்னாள். கேட்டுக்கொண்ட பிறகும் அஞ்சலை போகவில்லை.

"அக்கா, எம்மேல கோவமா?"

"கோவப்படுறதுக்கு எந்திரிச்சு ஒக்காரணும்டி. கதவச் சாத்திட்டுப் போ."