பிளாப்பிக்குள் வைத்த பொட்டு

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். எங்கள் வீட்டிலோ மிக்ஸியே அப்போதுதான் வந்திருந்தது. லேபில் வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். சொந்தக்காரர்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்த்த பெரியப்பா ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பழகிக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார், ஒரு நிபந்தனையோடு.

"எம் மெஷின்ல எதையும் ஏத்தப்படாது தாயி. நீ வந்துட்டுப் போன தடமே தெரியக் கூடாது."

ப்ரோகிராம் எழுத அக்காவுக்கு லினக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். அது இரண்டு விதமாகக் கிடைத்தது. சிடியில் வந்ததில் எல்லாம் இருந்தது, ஆனால் கம்ப்யூட்டருக்குள் குடியேறினால்தான் வேலை செய்யும். பிளாப்பி என்ற உள்ளங்கையளவு சதுரத் தகடுகள் இரண்டில் அடங்கியதில் பாதிதான் இருந்தது. ஆனால் விருந்தாளி மாதிரி வந்து, அணைத்ததும் கிளம்பிவிடும். ஒரு வாரம் யோசித்து அக்கா விருந்தாளியைத் தேர்ந்தெடுத்தாள். பிளாப்பிகளை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். துணைக்கு எட்டு வயது நான். மேற்கே மலை கூடவே வரும். அந்த ஞாயிறுகளைப் போல் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தக அடுக்கின் மேல் பிளாப்பிகளையும் வைத்தாள். சந்தனம், குங்குமம் வைப்பது என் பொறுப்பு. மேலே வைத்தால் படிப்பு உள்ளே இறங்குமா? பிளாப்பியின் ஓரத்திலிருந்த சின்னத் தகரக் கதவை நகர்த்தி, உள்ளே தெரிந்த கறுப்புத் தகட்டிலேயே ஒரு பொட்டு வைத்து மூடினேன். எனக்கு அப்போதே அவ்வளவு அறிவு.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொடங்கலாம் என்று பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பிளாப்பியை உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டர் கரகரவென்று இழுத்தது. அதன் பிறகு பெரியப்பாவின் சொந்த பிளாப்பியையும் அது படிக்கவில்லை. அக்கா தகரக் கதவை நகர்த்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங் கைதான் பெரியப்பா. பூஜையில சந்தனம் பட்டிருச்சு."

"தடம் தெரியக் கூடாதுன்னேன், நீ பொட்டே வச்சுட்ட. போதும் தாயி, இனி வர வேண்டாம்."

பஸ்ஸில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து அந்தப் பொட்டை இன்னொரு முறை பார்த்தாள். "நல்லாத்தான் வச்சிருக்க ஏட்டி." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அக்கா நோட்டில் பேனாவால் ப்ரோகிராம் எழுதினாள். வரிமேல் விரல் வைத்து முணுமுணுத்துக்கொண்டே போய், கடைசியில் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டிய விடையையும் அவளே எழுதிக்கொள்வாள். எங்கள் அக்காவுக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படாத அளவுக்குப் படிப்பு வந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எல்லாம் நான் வைத்த பொட்டின் மகிமை என்றும்.