ஆறு நாளும் 0.8 பார்

வியாழன் மாலை நாலரை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டுக் கராஜில் நின்று, கெக் எனும் பியர்ப் பீப்பாயிலிருந்து அரைக் கிளாஸ் பியர் எடுத்து வாயில் வைத்தேன். நுரையில்லை. ஆறின தேத்தண்ணி மாதிரி இருந்தது. மறுநாள் இரண்டு மணிக்கு எங்கள் களஞ்சியசாலையில் பென்டெயின் பிரியாவிடை.

பென்டெ பதினொரு வருடம் என் மேற்பார்வையாளர். அவர் தன் கையால் காய்ச்சிய ஒரே பியர் இது, பத்தொன்பது லீற்றர். வேலையிடத்துப் பியர் காய்ச்சும் குழுவை நடத்தும் டோர்பன், அதற்குக் காஸ் ஏற்றும் பொறுப்பை முதல் தடவையாக என்னிடம் தந்திருந்தார்.

"நீ எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள். உன்னட்ட இருந்தால் பிழைக்காது."

எழுதித்தான் வைத்திருந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு: பிறிட்ஜ் 4 பாகை, காஸ் அமுக்கம் காட்டும் ரெகுலேற்றர் 0.8 பார். ஆறு நாளும் மாறவேயில்லை. அந்த ஆறு நாளும் கந்தசஷ்டி விரதம். அது அன்று காலைதான் முடிந்தது; அதனால் அதுவரை ஒரு சொட்டும் சுவை பார்க்கவில்லை.

டோர்பனுக்கு ஃபோன் அடித்தேன்.

"முள்ளு எவ்வளவு காட்டுது?"

"0.8."

"அது குழாய்க்குள்ள இருக்கிற அமுக்கம். கெக்குக்குள்ள போகுதோ? குழாயைக் கெக்கில மாட்டுற காஸ் கொழுவியை நல்லா அமத்திப் பார்."

அமத்தினேன். 'டக்' என்றது. பிறகு உள்ளே காஸ் சீறிக்கொண்டு போகும் சத்தம். முதல்நாள் அதை அரைகுறையாகக் கொழுவிவிட்டு, ஆறு நாளாகக் குழாயைத்தான் அளந்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு மனைவி வசந்தி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"டோர்பனைக் கூப்பிட்டு ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கலாமேப்பா. விரதம் உங்களுக்குத்தானே, அந்த மனுசனுக்கில்லையே?"

ஃபோனில் டோர்பனிடம் அடுத்த வழி கேட்டேன்.

டோர்பன் சொன்னபடி அமுக்கத்தை 2 பாருக்கு ஏற்றினேன். கெக்கைப் படுக்கவைத்துப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் உருட்டினேன். அதற்கு மேல் போனால் கிளாஸில் நுரை மட்டும்தான் விழும் என்று எச்சரித்திருந்தார்.

வசந்தி கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். "பிள்ளையளைக்கூட நீங்கள் இப்பிடித் தாலாட்டினதில்லை."

காஸை நிறுத்தி, கெக்கைத் திரும்ப பிறிட்ஜில் வைத்தேன். காலையில் மிகுதி அமுக்கத்தை வெளியேற்றி, 0.8க்கு இறக்கி, கொழுவியை இரண்டு தரம் அமத்திப் பார்த்தேன். பிறகு கிளாஸை நீட்டினேன். வசந்தி ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"கைக்குது. ஆனால் நாக்கில குத்துது."

காஸ் ஏறிவிட்டது; எனக்கு அது போதுமாயிருந்தது.

இரண்டு மணிக்குக் களஞ்சியசாலையில் முதல் கிளாஸைப் பென்டெயே பிடித்தார். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. குடித்துவிட்டு, "மோசமில்லை" என்றார். இந்த யூலாந்துப் பகுதிக்காரரிடம் இதற்கு மேல் புகழ்ச்சி வராது. டோர்பன் என் பக்கம் திரும்பி, "அடுத்த கெக்கும் உன்னட்டத்தான்" என்றார்.

இப்போது என் கொப்பியில் பாகை, பார் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி உண்டு: சுவை பார்த்தவர். முதல் வரியில் வசந்தியின் பெயர் இருக்கிறது.