ரூபனுக்கு நாற்பது பாட்டு

சிலுவை அண்ணாவியார் எழுதிய நாடகங்களில் ஒரு கோளாறு உண்டு. யார் கதாநாயகன் என்று கடைசிவரை பிடிபடாது. ஆபேலைக் காயீன் அடித்துக் கொன்றான் என்பது ஊரறிந்த கதை. அது அண்ணாவியார் கைக்கு வந்தால் ஆபேல் இரண்டு பாட்டோடு செத்துப்போவான். கொன்றவன்தான் விழுந்து புரண்டு இருபத்தைந்து பாட்டுப் பாடுவான். ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு சொன்ன இடம் வேதத்தில் ஒரு சேவல் கூவி முடிகிற நேரம். இவர் நாடகத்திலோ சேவலுக்குத் தொண்டை கட்டிப்போகும். "ஒமக்கு நல்லவனுவளக் கண்டாலே ஆகாதோ அண்ணாவி?" என்று தெருவே கேலி பேசும். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் அப்போது திருநாளுக்குத் திருநாள் வாசாப்பு போடுவார்கள். வேதக் கதையைப் பாட்டும் வசனமுமாகக் கட்டி, வேஷம் போட்டு ஆடுவதுதான் வாசாப்பு. அதை எழுதுகிறவர், ஆள் பொறுக்குகிறவர், தாளம் தப்பினால் பிரம்பால் தட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள், அண்ணாவி. சிலுவைக்கு அது சோறு போடவில்லை. சோற்றுக்குத் தோணிப் பாய் தைத்தார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அவர் தைத்த பாயைப் பார்த்தால், பாட்டு வந்த நாள் எது, வராத நாள் எது என்று தையலை வைத்தே சொல்லிவிடலாம் என்பார்கள் தோணிக்காரர்கள்.

கதைக்கு அவர் போன இடம் எபனேசர் வாத்தியார் வீடு. வாத்தியார் வேறு சபை, புராட்டஸ்டண்ட். அவருடைய வேதப் புத்தகத்தைக் கத்தோலிக்கன் ஒருவன் இரவல் வாங்கி வாசிக்கிறான் என்று தெரிந்தால் சுவாமியார் கோயிலில் பேரைச் சொல்லியே கண்டிப்பார். அதனால் அண்ணாவியார் அதற்கு ஒரு பஞ்சாங்கத்தின் அட்டையைப் போட்டு எடுத்துப்போனார். கத்தோலிக்கன் கையில் பஞ்சாங்கம் இருப்பது அதைவிடப் பெரிய வம்பு என்று வாத்தியார் எடுத்துச் சொன்ன பிறகுதான் அட்டையைக் கழற்றினார்.

அவர் நாடகங்களின் அந்தக் கோளாறுக்கு மூலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்து முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு சிப்பி சரியாக விளையவில்லை, குளிப்பும் நடக்கவில்லை. நாற்பதுகளில் நாலு பேர் கூடினால் அந்தப் பேச்சுத்தான். ஒரே மாதத்தில் கரையில் முளைத்த ஓலைக் கொட்டகை ஊர், காயல்பட்டினத்து வியாபாரிகளின் அத்தர் வாசம், அதையும் மீறி அடிக்கும் அழுகின சிப்பியின் நாற்றம், மத்தியானக் கடல்காற்றில் பாய் விரித்து வரிசையாகத் திரும்பும் வள்ளங்கள். அந்த நாற்றத்தை மறுபடி ஒருநாள் முகர்ந்தால்கூடப் போதும் என்று ஏங்குவார்கள். சிலுவைக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனாலும் பேச்சு அங்கே திரும்பினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

குளிக்கிறவன் பாரக்கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்குவான். இடுப்பில் கட்டிய கயிறு வள்ளத்தில் இருக்கிறவன் கையில். கீழே மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றைக் கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலி அறுவதை எவனும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான் என்ற நம்பிக்கை. சிலுவையின் அக்காள் அமலோற்பவம். அவள் புருஷன் பிச்சையா, அப்படித்தான் இருபத்திரண்டு வயது மைத்துனன் கையில் கயிற்றைக் கொடுத்தார்.

பிச்சையாவைப் போல மூச்சடக்க அந்தக் கரையில் ஆள் கிடையாது. பாட்டு என்றாலும் அவருக்கு உயிர். பழைய வாசாப்புகள் முழுக்க மனப்பாடம். வள்ளத்தின் பின்முனையில் உட்கார்ந்து அவர் எடுத்துவிட்டால் பக்கத்து வள்ளக்காரர்கள் துடுப்பை நிறுத்திக் கேட்பார்கள். சிலுவைக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்ததே அந்த அத்தானிடமிருந்துதான்.

அந்தப் பங்குனியில் சிலுவைக்கு முதன்முதலாக ஒரு பாட்டு எழுதக் கிடைத்திருந்தது. ஈஸ்டர் நாடகத்துக்கு ஒரு விருத்தம் கட்டிக்கொண்டு வாலே என்று அப்போதிருந்த அண்ணாவி சொல்லியிருந்தார். மூன்று அடி வந்துவிட்டது. நாலாவது, நாலு நாளாக வரவில்லை. ஒரு கையில் அத்தானின் கயிறும் மறுகையில் சீர் எண்ணும் விரல்களுமாக வள்ளத்தில் உட்கார்ந்திருந்தபோது அது வந்தது. என்ன அருமையான அடி! மறந்துபோகாமல் இருக்க இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கயிறு சுண்டியது கைக்குத் தெரிந்தது. இதோ, இன்னும் ஒரு தடவை சொல்லிவிட்டு என்று நினைத்தார். பிச்சையா தானாகவே உதைத்துக்கொண்டு மேலே வந்தார். மூக்கிலும் இரண்டு காதிலும் ரத்தம். ஒரு மாதத்தில் காது சுத்தமாகப் போய்விட்டது.

என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். கயிறு வள்ளத்து விளிம்பில் சிக்கிக்கொண்டது என்றார் சிலுவை. ஊர் நம்பியது. அக்காள் அவரைக் கட்டிக்கொண்டு, "கயிறு சிக்குனா நீ என்னலே செய்வ?" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னார். போய் அந்த மனுஷனிடம் உள்ளதைச் சொல், வேறு அபராதம் வேண்டாம் என்றார் சுவாமியார். ஒரு வாக்கியம் சொல்கிற வேலை. அதற்குப் பதிலாக சிலுவை பதினான்கு நாடகம் எழுதினார்! ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்று சொல்லிவிடுவது என்று அக்காள் வீட்டுக்குப் போவார். அவள் மீன்குழம்பை ஊற்றுவாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார். சொன்னால் அந்த வாசல் அடைபட்டுப் போகும்; கல்யாணம் செய்துகொள்ளாத அவருக்கு வேறு வாசல் கிடையாது. அதனால் காயீனை அழவிட்டார், பேதுருவை அழவிட்டார், ஆண்டவர் தோட்டத்தில் தவிக்கும்போது தூங்கிப்போன சீடர்களை அழவிட்டார். தன் வாயால் சொல்லவேண்டியதை வேதத்து ஆட்களின் வாயால் சொல்லவைத்தார். கேட்கவேண்டியவரோ வருஷம் தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், காது கேளாமல்.

நாற்பத்து மூன்றில் யோசேப்பு நாடகம். யோசேப்பை அண்ணன்மார் பொறாமையால் ஒரு பாழுங்கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள். மூத்தவன் ரூபனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பிறகு வந்து தூக்கிவிடலாம் என்று போகிறான். திரும்பி வந்தால் கிணற்றில் தம்பி இல்லை, வியாபாரிகளுக்கு விற்றாயிற்று. இந்த இடத்தில் வேதம் ரூபனுக்குக் கொடுத்தது இரண்டே வரி. அண்ணாவியார் கொடுத்தது நாற்பது பாட்டு. யோசேப்பு எகிப்துக்குப் போய் ராஜாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த கதையெல்லாம் கடைசி அரை மணியில் அவசர அவசரமாக முடிந்தது.

வழக்கமாக வாசாப்பு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான். அந்த வருஷம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கரையோரம் விளக்குக் காட்டக்கூடாது என்று உத்தரவு. ஆகவே குருசடிக் கோயில் திருநாள் நாடகத்தை மத்தியானமே ஆரம்பித்து, வெயில் சாய்வதற்குள் முடிப்பது என்று ஏற்பாடு. அண்ணன்மார் பத்துப் பேரின் அரிதாரமும் வியர்வையில் வழிந்தது. ராஜாவின் ஜரிகை வெறும் காகிதம் என்பது பட்டப்பகலில் சந்தி சிரித்தது. பந்தலோரம் நின்று அடியெடுத்துக் கொடுக்கிற அண்ணாவியாரின் முகமும் தெரிந்தது. மற்ற வருஷங்களில் அந்த மூலை இருட்டு.

ரூபன் வெறுங்கிணற்றைப் பார்த்துக் கதறினான். அண்ணாவியாரும் கூடவே வாயசைத்து அழுதுகொண்டிருந்தார். பத்தாவது பாட்டில் தற்செயலாக முன்வரிசையைப் பார்த்தார். பிச்சையா மேடையைப் பார்க்கவில்லை; அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி முப்பது பாட்டுக்கும் கண்ணை எடுக்கவேயில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சிலுவை நேரே அக்காள் வீட்டுக்குப் போனார். பிச்சையா சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் புறப்பட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் முற்றத்தில் சாளை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிச்சையாவிடம் எதைச் சொல்வதென்றாலும் அவள் கைதான் வழி. பதினைந்து வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கையாலேயே ஒரு பாஷை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அதிலேயே சண்டைகூடப் போடுவார்கள். ஆகவே சிலுவை தன் பாவத்தை முதலில் அக்காளிடம் சொல்லவேண்டி வந்தது.

"அக்கா, அத்தான்ட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கயிறு சிக்கல. நான் பாட்டுக் கட்டிக்கிட்டு இருந்தேன். அவரு சுண்டுனது தெரிஞ்சும் இழுக்கல."

அமலோற்பவத்தின் கை நின்றது. "என்னலே சொல்லுத?"

"ஒரு அடி வந்துச்சுக்கா. அது போயிருமேன்னு..."

"என் தாலியக் கையில புடிச்சிக்கிட்டுப் பாட்டாலே கட்டுன?" அவள் அரிவாள்மணையைத் தள்ளிவைத்தாள். "பதினஞ்சு வருசமா என் கையாலதான சோறு தின்ன? ஒரு நாளாவது தொண்டையில அடைக்கலியா?"

"அடைச்சுதுக்கா. அத்தான்ட்ட சொல்லு."

"என் கை அதுக்கு வராது. நீயே சொல்லு. நீதான் பெரிய அண்ணாவியாச்சே."

சிலுவைக்கு அவர்களுடைய கைப்பாஷை அரைகுறையாகத்தான் தெரியும். எதுகையும் மோனையும் அங்கே உதவவில்லை. பிச்சையாவுக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இடது கையில் இல்லாத கயிற்றைப் பிடித்தார். வானத்தைப் பார்த்து உதட்டை அசைத்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். இடது கை வெடுக்கென்று கீழே இழுபட்டது. அவர் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தார். மறுபடி இழுபட்டது. அதற்குமேல் அவரால் நடிக்க முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிச்சையா கடைசிப் பித்தானையும் போட்டு முடித்தார்.

"தெரியும்ல" என்றார். தன் குரலே தனக்குக் கேளாதவர்; அவர் சொன்னது தெருமுனைவரை கேட்டது. "மேல வரும்போதே பாத்தேன். நீ விரல எண்ணிக்கிட்டு இருந்த. கயிறு எங்கன சிக்குச்சு? தொளதொளன்னு உன் மடியிலதான கிடந்துச்சு?"

அமலோற்பவம் மீன் கையோடு எழுந்துவந்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று புருஷன் முகத்துக்கு நேரே கையை வீசினாள்.

"சொன்னா நீ இவன உள்ள விடமாட்ட. வேற யாரு இருக்கா இவனுக்கு?" என்றார் பிச்சையா. பிறகு மைத்துனன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுவன்னு இருந்தேன். வருசா வருசம் முன்னால போய் உக்காந்தேன். பாட்டுக் கேக்காட்டியும் ஆட்டம் தெரியும்லா? அடிச்சவன் அழுதான். மறுதலிச்சவன் அழுதான். தூங்குனவன் அழுதான். எல்லாம் நீதான்னு எனக்குத் தெரியும்."

அதுவரை சாதாரணமாகப் பேசியவருக்கு அங்கே கோபம் வந்தது. பதினைந்து வருஷத்தில் சிலுவை பார்க்காத கோபம்.

"ஏலே, ரூபன் மேல நின்னு நாப்பது பாட்டுப் படிக்கானாம், உன் அக்கா சொன்னா. கிணத்துக்குள்ள கிடந்தவனுக்கு ஒரு பாட்டு உண்டா? யோசேப்பு வேசம் போட்டவன் உள்ள உக்காந்து நிலக்கடலை தின்னுக்கிட்டு இருந்தான். மொதப் பாட்டுலயே நான் எட்டிப் பாத்தேன். எல்லாக் கதையிலயும் நீயே இருக்க. கீழ கிடந்தவன் என்ன பாடு பட்டான்னு ஒரு நாளாவது நீ கேட்டியா?"

சிலுவை ஒருநாளும் கேட்டதில்லை. அத்தானின் காது போனதற்காக அழுதிருக்கிறார். தன் கை இழுக்காமல் போனதற்காக அதைவிட அதிகம் அழுதிருக்கிறார். கயிற்றைச் சுண்டிவிட்டு, இருட்டுத் தண்ணீருக்குள் அந்த மனுஷன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாரே, அந்த நேரத்தை நினைத்துப் பார்த்ததேயில்லை. பதினான்கு நாடகத்தில் ஒரு வரி கிடையாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் மடியில் இருந்த பென்சிலை எடுத்தார்.

பிச்சையா அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிட்டங்கிக்கு நேரமாகிறது என்று அமலோற்பவம் கைகாட்டியதையும் அவர் பார்க்கவில்லை. சிலுவைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எழுதாத" என்றார். "நான் சொல்லுதேன். நீ கேளு."