சிலுப்பிக் கோழியைக் கொண்டுவிடப் போனோம்

விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு பூனைக்குட்டி. விடுதியில் அதை எல்லோரும் விரட்டுகிறார்கள், இங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். நானும் நம்பினேன். அவள் குளிக்கப் போன பிறகு, வழியில் கிடந்த அவளுடைய துணிப்பெட்டியை நகர்த்தப் பார்த்தேன். அசையவில்லை. திறந்தால் அவளுடைய எல்லாத் துணிகளும் இருந்தன. போர்வை, தலையணை உறை, குளிக்கும் குவளைகூட இருந்தது.

பெட்டியை மூடிவிட்டேன்; நினைப்பு மட்டும் இன்னும் அதைவிட்டு நகரவில்லை. அதற்குப் பாதிக் காரணம் அவள். மீதிக் காரணம், எட்டு வயதில் நான் பார்த்த ஒரு கோழி.

அப்போது நாங்கள் இதே சங்கரன்கோவிலில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அப்பா பம்பாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஆண்டுக்கு ஒருமுறை ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவார். அந்த ஆண்டு தபசுக்கும் வரவில்லை. சப்பரம் பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொள்ள ஆளில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பெரியவர்கள் கோபப்படுவார்கள் என்று தெரியும். வருத்தப்படுவார்கள் என்று தெரியாது.

ஐப்பசி மழையில் அம்மாவின் அண்ணன், என் சிவகிரி மாமா, ஓர் ஒயர் கூடையோடு வந்தார். கூடைக்குள் தவிட்டு நிறத்தில் ஒரு பெட்டைக் கோழி. அதன் உடம்பில் ஓர் இறகுகூடப் படிந்து கிடக்கவில்லை. ஆசாரி மரம் இழைக்கும்போது சீவல் சுருண்டு விழுமே, அப்படி ஒவ்வொன்றும் நுனி சுருண்டு தலைப்பக்கமாகத் திரும்பி நின்றது. சிலுப்பிக் கோழி என்றார் மாமா.

பெரியப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். “ஏ மாப்ள, இது என்ன, கரண்டுக் கம்பியில ஒக்காந்துட்டு வந்துச்சா?”

பெரியம்மா சிரிக்கவில்லை. மாமா போகும்வரை பொறுத்திருந்து அம்மாவிடம் சொன்னாள்: “ஏட்டி, ஒங்கண்ணன் சீக்குக் கோழியக் கொண்டாந்து தள்ளிட்டுப் போயிட்டான்.”

“சீக்கு இல்லக்கா. அது பொறப்பே அப்படித்தான். எங்க வீட்டுல இன்னும் ரெண்டு நிக்கு.”

பெரியம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோழி வளர்க்கிற எவருக்கும் அது கண்ணில் ஊறிப்போன பாடம். வெள்ளைக் கழிச்சல் நோய் கண்ட கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாய்ப் போய் நிற்கும். மறுநாள் செத்துவிடும். அதனால் சிலிர்த்த கோழியைப் பார்த்தால் முதல் வேலையாகக் கத்தியைத் தேடுவார்கள். எங்கள் கோழி பிறந்ததிலிருந்தே சிலிர்த்துக்கொண்டு நின்றது. தெருவில் போகிற ஒவ்வொருவரும், “யக்கா, ஒங்க கோழி இன்னைக்குத் தாங்காது, அறுத்துருங்க” என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அது தாங்கிக்கொண்டே இருந்தது.

மற்ற கோழிகள் அதைச் சேர்க்கவில்லை. கிட்டே வந்தால் கொத்தின. சாயங்காலம் அவையெல்லாம் முருங்கை மரத்தில் பறந்து ஏறிக்கொள்ளும். சுருண்ட இறகால் பறக்க முடியாது என்பதால் இது மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். மழை பெய்தால் நீர் வழிந்து ஓடாமல் நேரே தோலுக்கு இறங்கிவிடும்; கோழி நடுங்கும். அம்மா அதைப் பழைய துணியால் துடைத்து, அடுப்படியில் சூடு காட்டி, தனியாக ஒரு பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி வைப்பாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கோழி அவள் காலடிக்கு வந்துவிடும். அதற்கு இரண்டு பருக்கை வீசிவிட்டுப் பேசுவாள்.

“இன்னைக்குக் கொழம்புல உப்பு கூடிப்போச்சு, கேட்டியா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. பேசாம எந்திரிச்சுப் போயிட்டாவ. ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாக்கூடத் தேவல.”

“கோழிக்கு உப்பு தெரியுமாம்மா?” என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அம்மாவுக்குக் கோழி என்றால் உயிர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் ஊருக்குள் கழிச்சல் நிஜமாகவே வந்தது. முருங்கை மரத்தில் ஏறிய கோழிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பெரியம்மா வளர்த்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. யாரோடும் ஒட்டாமல் தனியே தின்று தனியே படுத்ததால் சிலுப்பிக்கு மட்டும் நோய் வரவில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று பெரியம்மாவுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

“அத்தனைக்கும் சீக்கக் குடுத்துட்டு இது மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கு பாரு. ஞாயித்துக்கிழம இதக் கொழம்பு வச்சாத்தான் என் மனசு ஆறும்.”

நான் அழுதேன். அம்மா அழவில்லை. “வேண்டாம்க்கா. நான் கொண்டுபோயி எங்கண்ணன் வீட்டுல விட்டுருதேன்” என்றாள்.

எனக்கு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள், சனிக்கிழமை, கிளம்பினோம். ஒயர் கூடையை நான் வைத்துக்கொண்டேன். அம்மா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அதில் என் துணிகளையும் அவளுடைய சேலைகளையும் அடுக்கியதை நான் பார்த்தேன்.

“கோழிய விட எதுக்கும்மா இம்புட்டுத் துணி?”

“மழை வந்து நனைஞ்சிட்டா மாத்த வேண்டாமா?”

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அந்தப் பதில் எனக்கு நியாயமாகவே பட்டது.

பேருந்தில் நடத்துநர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, இது வழியில பேய கீயப் பாத்துச்சா? கோழிக்குத் தலைசீவி விட்டுல்லா வண்டியில ஏத்தணும்!” வண்டியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஜன்னலில் சிவகிரிப் பக்கத்து மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவ்வளவு லேசாக அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளிடமும் கோழியிடமும் மாறிமாறிப் பேசிக்கொண்டு வந்தேன்.

மாமா வீட்டுக் கொல்லையில் கூடையைச் சாய்த்ததும் கோழி இறங்கி உடம்பை ஒரு உதறு உதறியது. அங்கே இன்னும் இரண்டு சிலுப்பிகள் நின்றன. ஒன்று வந்து லேசாகக் கொத்தியது. பிறகு மூன்றும் ஒரே இடத்தில் மண்ணைக் கிளற ஆரம்பித்தன. எது எங்கள் கோழி என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். அடுக்களையில் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை அரிசி களைவதை நிறுத்தாமல் களைந்துகொண்டிருந்தாள். மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் பேசினார்.

“ஏட்டி, கோழி இங்கன கெடந்துட்டுப் போவுது, அதுக்கென்ன. நீ சாயங்கால வண்டியப் புடிச்சுப் போயிரு. நாளைக்குப் பம்பாயிலருந்து மச்சான் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

மாமா நல்லவர் என்று நான் நினைத்துக்கொண்டேன். கோழியை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாரே!

நேற்று இரவு சாப்பிடும்போது என் கணவர் மகளிடம் சொன்னார்: “பூனை இங்கன இருக்கட்டும். நீ திங்கக்கிழம காலையில ஹாஸ்டலுக்குப் போயிரணும்.” அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். பெட்டியைத் திறந்து பார்த்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவள் தூங்குகிறாள். எழுந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கும் வயதுக்கு வந்தபோது அவள் இல்லை.

அன்று சாயங்கால வண்டியில் கூடை என் மடியில் காலியாக இருந்தது. அடியில் ஒரே ஓர் இறகு, சுருண்டு, சீவல்போலக் கிடந்தது. தகரப்பெட்டி எங்கள் காலடியில் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அழுதாள். எனக்கும் கோழியை நினைத்து அழுகை முட்டியது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, பெரிய மனுஷிபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதம்மா. அதுக்கு அதோட வீடு கெடச்சிட்டுல்லா.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா மக்கா,” என்றாள். “அதுக்குக் கெடச்சிட்டு.”

மலை பின்னால் சிறிதாகிக்கொண்டே போனது. அம்மாவைத் தேற்றிவிட்டோம் என்ற நிம்மதியில், அந்தப் பெட்டியின்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு நான் சுகமாகத் தூங்கிப்போனேன்.